வெள்ளை வேட்டி ஏன் சாம்பலாகிறது?

அன்புள்ள ஐயா,

தம்பி கல்யாணத்துக்காக ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினேன், 18-55 லென்ஸுடன். ஆட்டோ மோடில் வைத்துதான் எடுத்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் அப்பாவைக் கிட்டத்தில் எடுத்த படங்களில் வேட்டி சாம்பலாகத் தெரிகிறது. மண்டபத்துக்குள் எடுத்ததில் பாதி கலங்கிவிட்டது. போனில் எடுத்தவையே தேவலாம். அடுத்த மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. மேனுவல் மோடு கற்றுக்கொண்டால் சரியாகுமா?

செ.

அன்புள்ள செ.,

மேனுவல் இப்போது வேண்டாம். நான் தொடங்கியபோது அதுதான் கௌரவம் என்று நம்பினேன். டயலைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் என் பாட்டி வாய்விட்டுச் சிரித்ததைத் தவறவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வேட்டி விஷயத்துக்கு வருகிறேன். கேமராவின் ஒளிமானிக்கு வேட்டி தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே அது பெரும்பாலும் கணக்குப் போடுகிறது. படம் முழுக்க வெள்ளை நிறைந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எருமை மாட்டைக் கிட்டத்தில் எடுத்துப் பாருங்கள், அதையும் சாம்பலாக்கும். இதைத் திருத்தத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கிறது. வேட்டிக்கு +1, எருமைக்கு -1. இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டாலே உங்கள் படங்கள் மாறிவிடும்.

இது ஆட்டோவில் வேலை செய்யாமல் போகலாம். அதனால் மோடு டயலை நிக்கான் என்றால் 'ஏ', கேனன் என்றால் 'ஏவி'யில் வையுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நீங்கள் சொன்னால் போதும், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

மண்டபத்தில் கலங்கியதற்குக் காரணம் வேறு. உங்கள் லென்ஸ் ஜூம் பண்ணாத 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் 5.6 தான் (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறியது). அதாவது வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஈடுகட்ட ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும், அதற்குள் மனிதர்கள் அசைந்துவிடுவார்கள். ஆகவே ஜூம் பண்ணாமல் நாலடி முன்னால் போங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 (ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு) என்று, உங்கள் கேமரா மெனுவில் அந்த வசதி இருந்தால், அமைத்துவிடுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை.

போன் ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்துச் சேர்த்துத் தருகிறது, அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. உங்கள் கேமரா தருவது ஒரே படம்.

அப்புறம், கல்யாணப் படங்களை அழித்துவிடாதீர்கள். கலங்கியதை மீட்க முடியாது. ஆனால் அப்பாவின் வேட்டியை எந்த எடிட்டிங் செயலியிலும் வெளுக்கலாம். வளைகாப்புக்கு ரா (பின்னால் திருத்த அதிக இடம் தரும் மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அக்கா பட்டுப்புடவையில் இருப்பார், கைநிறையக் கண்ணாடி வளையல் மின்னும். முதலில் கூட்டல் கழித்தலை 0-வில் வைத்து ஒன்று எடுத்துத் திரையில் பாருங்கள், பிறகு அந்தப் பட்டனைத் தொடுங்கள்.