கழுத்தில் நெறி கட்டினால் டிபி தானா? கிகுச்சி நோய் என்றால் என்ன?

கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலும் விட்டுவிட்டு அடித்தால் மதுரைப் பக்கம் முதலில் டிபி என்றுதான் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு, அது கிகுச்சி நோயாக இருக்கும். 1972-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது.

ஏதோ ஒரு தூண்டலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் நெறிக்குள் குவிகின்றன. அங்கே சில அணுக்கள் மடிகின்றன. அதனால்தான் வீக்கம், தொட்டால் வலி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் திணறுகிற கூட்டம் மாதிரி, பிறகு தானாகவே கலைந்துவிடும். 1 முதல் 4 மாதம் ஆகலாம்.

தடவிப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நெறியை எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் டிபியா, புற்றுநோயா, இதுவா என்று பிரித்தறியலாம். சிலருக்குப் பின்னாளில் லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் நோய், வருவதுண்டு. குணமான பிறகும் டாக்டரைப் பார்த்துவருவது நல்லது.

அப்புறம், கத்தி வைத்தால் கட்டி பரவிவிடும் என்பார்கள். இந்த நோய் அப்படியெல்லாம் பரவாது.