குஜராத்தியில் 'வைஷ்ணவ ஜன தோ' தவிர சொல்லிக்கிற மாதிரி பக்திப் பாட்டு ஏதாவது இருக்கா?

கேள்விக்குக் கீழ "வியாபாரிங்க ஊராச்சே, கணக்கு எழுதவே நேரம் பத்தாது, பாட்டு எங்க எழுதப்போறாங்க"ன்னு ஒரு வரி சேத்திருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் இத டைப் பண்றேன். நீங்க குஜராத் பக்கம் வந்திருக்க மாட்டீங்க. வந்திருந்தாலும் ஆபீஸ் மீட்டிங், டோக்ளா, ஏர்போர்ட்டு, அவ்வளவுதான் இருக்கும்.

முதல்ல ஒண்ணு, அந்தப் பாட்டு காந்தி எழுதினது இல்ல. 15ஆம் நூற்றாண்டுல ஜூனாகத்துல இருந்த நரசிம்ம மேத்தாவோடது. காந்தி பிரார்த்தனைக் கூட்டத்துல பாடவெச்சதால நமக்கெல்லாம் தெரிஞ்சுது.

நான் அகமதாபாத் மணிநகர்ல ரொம்ப வருஷம் குடியிருந்தவன். கீழ் போர்ஷன்ல ஒரு பா இருந்தாங்க, அங்க வயசான அம்மாக்கள அப்படித்தான் கூப்பிடுவோம். விடியறதுக்கு முன்னாடியே பால அடுப்புல ஏத்திட்டு 'ஜாக் நே ஜாதவா'ன்னு ஆரம்பிச்சிருவாங்க. எந்திரி யாதவா, நீ இல்லாம மாட்டுக் கூட்டத்தோட யாரு போறது, தயிர் இருக்கு, நெய்ப் பலகாரம் இருக்கு, காய்ச்சின பால யாரு குடிக்கறதுன்னு போகும். அதுவும் மேத்தாதான். இந்த மாதிரி விடியக்காலைப் பாட்டுக்கு பிரபாதியான்னு பேரு, பெரும்பாலும் ஜூலணா சந்தம், அடிக்கு 37 மாத்திரை. பால் பொங்கினா பாட்ட நிறுத்தி அடுப்ப சிம்ல வெச்சுட்டு, விட்ட சொல்லுலருந்து தாளம் தப்பாம பிடிப்பாங்க பா. எனக்கு அப்ப தூக்கம் கெட்டதுதான் பெருசா தெரிஞ்சுது, அது வேற விஷயம்.

வியாபாரின்னீங்கல்ல, அதுக்கு வர்றேன். துவாரகைக்குப் போற யாத்திரைக்காரங்க, வழியில பணம் கொண்டுபோக பயந்து ஹுண்டி, அதாவது இங்க கட்டின பணத்த அங்க போய் வாங்கிக்கற சீட்டு, எழுதித் தர ஆள் தேடுறாங்க. ஊர்ல வம்புக்குன்னே கைல காசில்லாத மேத்தா வீட்டக் காட்டிவிடுறாங்க. அவரு 700 ரூபாய வாங்கிக்கிட்டு, துவாரகைல 'ஷாமள்ஷா சேட்'டுன்னு கிருஷ்ணர் பேருக்கே ஹுண்டி எழுதிக் குடுத்துட்டு, என் ஹுண்டிய ஏத்துக்கோன்னு பாடுறாரு. அங்க கிருஷ்ணர் சேட்டு வேஷத்துல வந்து பணத்த எண்ணிக் குடுக்குறார். கணக்குப் புஸ்தகத்துக்குள்ளயே கடவுளக் கொண்டுவந்து உக்கார வெச்ச ஊருங்க இது.

இதவிட பாவுக்கு இஷ்டமானது மாமேரு கதை. மேத்தா பொண்ணு குவர்பாய்க்கு சீமந்தம், மாமேருங்கற பொறந்த வீட்டுச் சீர் வரணும், இவரோ தம்பூராவும் சாதுக்களுமா வண்டில வந்து இறங்குறார். சம்பந்தி வீட்டுல குளிக்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நி வெச்சுட்டு, பச்சத் தண்ணி கேட்டா, நீதான் பெரிய பக்தனாச்சே, மழையக் கூப்பிடுன்னு நக்கல். அவரு மல்ஹார் ராகம் பாட மழையே வந்துரும். அப்புறம் வேணும்னே எழுதிவிட்ட நீள சீர் லிஸ்ட்டு, அத்தனையும் கிருஷ்ணர் துணி வியாபாரியா வந்து இறக்கிட்டுப் போவார். 17ஆம் நூற்றாண்டுல வடோதராக்காரர் பிரேமானந்த் இத ஆக்யானமா, அதாவது கதைப்பாட்டா, பாடி வெச்சார், விரல்ல மோதிரம் போட்டு செம்புப் பானைய தட்டிக்கிட்டே சொல்ற மரபு அது. பா என்னமோ அவங்க நாத்தனார் வீட்டுல நடந்த மாதிரியே சொல்லுவாங்க, வெந்நி கட்டம் வந்தா குரலே மாறிடும்.

உடனே "பாட்டெல்லாம் சரி, மனுஷங்க எப்படி"ன்னு யாரும் கிளம்பாதீங்க, நான் யாருக்கும் வக்காலத்து வாங்கல. அதுக்கு முந்தி இருந்த வீட்டு ஓனர் தெனம் காலைல ஸ்பீக்கர்ல 'வைஷ்ணவ ஜன தோ' போடுவார், அதுல அடுத்தவன் காச கையால தொடமாட்டான்னு ஒரு அடியே வரும், நான் காலி பண்றப்ப பெயிண்ட் செலவுன்னு டெபாசிட்ல பாதிய பிடிச்சுக்கிட்டார். நான் குடிவந்தப்பவே சுவரு உரிஞ்சுதான் இருந்துச்சு. நான்வெஜ் சாப்பிடுவியான்னு கேட்டு கதவ சாத்தினவங்க தனி லிஸ்ட்டு.

ஆனா இந்த மாதிரி ஆளுங்கள நம்மளவிட முன்னாடியே திட்டினதும் அந்தக் கவிஞர்கள்தான். மேத்தா நாகர் பிராமணர். தாழ்த்தப்பட்டவங்க கூப்பிட்டாங்கன்னு அவங்க தெருவுக்குப் போய் ராத்திரி பூரா பஜனை பாடிட்டு வந்தார், சொந்த ஜாதிக்காரங்க கைகொட்டிச் சிரிச்சாங்க. அதுக்கு அவர் பாடினது, நாங்க அப்படித்தான், நீங்க சொல்ற மாதிரியேதான், பக்தி பண்ணி கெட்டுப்போனா போறோம், தாமோதரனுக்குத்தான் சேவை பண்ணுவோம்னு. அகமதாபாத் தட்டார், கவிஞர் அகோ திட்டுறதுல இன்னும் மோசம், நெத்தில திலகம் போட்டே 53 வயசாச்சு, ஜபமாலை ஓட்டையெல்லாம் தேஞ்சாச்சு, ஹரி கிட்ட மட்டும் போய்ச் சேரலன்னு கிழிச்சிருப்பார்.

உங்களுக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா தயாராம் எழுதின கர்பின்னு சொல்லுவேன், கர்பின்னா கர்பா ஆட்டத்துக்குப் பாடுற பாட்டு, தயாராம் நர்மதை ஓரத்து ஆளு, மேத்தாவுக்கு ரொம்பப் பின்னாடி. ஒரு கோபி கிருஷ்ணர் மேல கோவத்துல இனி கருப்புப் பக்கமே போகமாட்டேன்னு சபதம் போடுவா, கண்ணுக்கு மை கிடையாது, குயில் சத்தம் கேக்கமாட்டா, யமுனைல குளிக்கமாட்டா, நாவல்பழம் கத்திரிக்கா கூட தின்னமாட்டாளாம். கடைசி அடியில, சத்தியம் வாயளவுலதான், மனசு ஒரு கணம்கூட தாங்காதுங்குதுன்னு அவளே ஒத்துக்குவா. யூடியூப்ல இருக்கு, நவராத்திரி டிஜே ரீமிக்ஸ் மேல வந்து நிக்கும், அதத் தாண்டிப் போங்க.