கவ்போய் போஸ்டர்: ஒறிஜினலோ, கொப்பியோ?

கேள்வி: அண்ணை, ஊமைப்படக் காலத்து கவ்போய் போஸ்டர் ஒண்டு, டொம் டைலரோட சின்னப்பெடியன் பிராங்கி டாரோ நிக்கிறது, வெளிநாட்டு மச்சான் அனுப்பினவர். ஒறிஜினலோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முதல்ல அளந்து பாரும் தம்பி. அந்தக் காலத்து அமெரிக்க ஒற்றைத்தாள் போஸ்டர் 27க்கு 41 இஞ்சி அளவில இருக்கும், மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்பினவங்கள், அதால மடிப்புக்கோடு கிடந்தா கவலைப்படாதையும், ஒரு மடிப்பும் இல்லாமப் பளபளத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பூதக்கண்ணாடி வைச்சுப் பாரும், கல்லச்செண்டால், அதாவது கல்லில வரைஞ்சு அடிச்ச பழைய அச்செண்டால், நிறம் மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாமத் தெரியும், முழுக்க வரிசை வரிசையாப் புள்ளியெண்டால் பெரும்பாலும் பிறகு அடிச்ச கொப்பிதான். டைலரும் டாரோவும் 1920களில எஃப்பிஓ (FBO) எண்ட அமெரிக்கப் படக்கம்பனிக்கு நடிச்ச சோடி, கம்பனிப் பேரும் தாளில கிடக்கோ எண்டு தேடும். லமினேட் பண்ணிப்போடாதையும், செலோரேப்பும் வேண்டாம். தகரக்கூரைக்குக் கீழ கொழுவாதையும், கறையானையும் பாத்துக்கொள்ளும்.