கேரியோடைப் (ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம்களைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வந்த பிறகு: கேள்வி பதில்

கேள்வி: மூன்று முறை கரு கலைந்துவிட்டது. கணவரின் ரிப்போர்ட்டில் ‘பேலன்ஸ்டு ட்ரான்ஸ்லொகேஷன்’ என்றிருக்கிறது. அவர் நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறார்?

பதில்: ஆமாம். அவரிடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இரண்டு குரோமோசோம்களின் நுனித்துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். பைண்டிங் செய்தவர் ஒரு புத்தகத்தின் இரண்டு பாகங்களின் கடைசிப் பக்கங்களை மாற்றித் தைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையில் இருந்தால் ஒரு பக்கமும் விடுபடாது. ஆனால் விந்தணுவுக்குள் ஒவ்வொரு ஜோடியிலும் பாதிதான் போகும். மாறியது ஒன்று, மாறாதது ஒன்று என்று சேர்ந்து போனால் சில பக்கங்கள் இரட்டிக்கும், சில காணாமல் போகும். அந்தக் கரு பெரும்பாலும் நிலைக்காது. மாறாத இரண்டுமோ மாறிய இரண்டுமோ சேர்ந்து போனால் பிரச்சினை இல்லை. அதனால் இயல்பாகவே குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர். ஐவிஎஃப் செய்து கருவைச் சோதித்துக் கருப்பையில் வைப்பது ஒரு வழி, ஒரே வழி அல்ல. இயல்பாகத் தரித்தால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். அப்புறம், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் இது இருக்கக்கூடும், சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ‘இன்வர்ஷன் 9’ என்று போட்டிருக்கிறார்கள். தூக்கமே இல்லை.

பதில்: தூங்குங்கள். 9ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்; பலரிடம் சாதாரணமாகக் காணப்படும் வேறுபாடு அது. ரிப்போர்ட்டில் அதைத் தடித்த எழுத்தில் அச்சடிப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: விந்தணுவே இல்லை. ரிப்போர்ட்டில் 47, எக்ஸ்எக்ஸ்ஒய்.

பதில்: இது க்ளைன்ஃபெல்டர்: ஆணுக்கு வழக்கமான 46, எக்ஸ்ஒய் என்பதற்கு மேல் ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வந்ததல்ல. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தற்செயலாக நேர்ந்தது. விந்துவில் இல்லாவிட்டாலும் விரைகளுக்குள் ஆங்காங்கே கொஞ்சம் இருக்கலாம்; மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி எடுத்து இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்கிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொள்கிறீர்களா? உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அது விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் நார்மல். பிறகு ஏன் கலைகிறது?

பதில்: உங்கள் ரத்தம் உங்களைப் பற்றித்தான் சொல்லும், கருவைப் பற்றி அல்ல. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுதான் காரணம். பெற்றோர் இருவரும் நார்மலாக இருந்தாலும் வரும், பெண்ணின் வயது ஏற ஏறக் கூடும். மறுபடி நேர்ந்தால் கலைந்த கருவின் திசுவையே சோதிக்கக் கொடுங்கள். முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்லை வளர்க்க முடியாது, சலைனில் (உப்பு நீரில்)தான் அனுப்ப வேண்டும்.