சப்நெட் கணக்கில் நின்றுவிட்டேன்

கேள்வி: பி.காம். முடித்தவள் நான். ஸ்வயம் தளத்தில் கணினி வலையமைப்புப் பாடத்தில் சேர்ந்தேன், 12 வாரம். சப்நெட் கணக்கு, அதாவது ஒரு வலையமைப்பைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் கணக்கு, வந்ததும் எதுவும் புரியவில்லை. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: விடாதீர்கள், சகோதரி. நானும் அதே இடத்தில் ஒரு வாரம் நின்றவன்தான். இரவுப் பணி முடிந்து வந்து வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன், மண்டையில் ஏறவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு, நோட்டில் எட்டு பிட்களின் (0 அல்லது 1 என்ற இலக்கங்களின்) இட மதிப்பை 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதிப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

ஐபிவி4 முகவரி, அதாவது வலையமைப்பில் ஒரு கருவிக்குத் தரும் எண் முகவரி, 32 பிட். /26 என்றால் முதல் 26 பிட் வலையமைப்புக்கு, மீதி 6 பிட் கருவிகளுக்கு. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. முதல் முகவரி வலையமைப்பைக் குறிக்கும், கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கு, அதாவது அந்தப் பிரிவின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்ப. மிஞ்சுவது 62. 192.168.1.0 முதல் பிரிவு என்றால் அடுத்தவை .64, .128, .192-இல் தொடங்கும். தினமும் ஐந்து கணக்கு, கையால் போடுங்கள்.

அப்புறம், கணினித் திரையிலேயே வலையமைப்பை அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் ஒரு சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் கருவி), இரண்டு கணினி வைத்து இணையுங்கள். மாஸ்க், அதாவது /26-ஐ முகவரி வடிவில் எழுதுவது, 255.255.255.192. ஒன்றுக்கு 192.168.1.10, இன்னொன்றுக்கு 192.168.1.70 கொடுத்துப் பிங் செய்யுங்கள் (ஒன்றிலிருந்து மற்றதற்குச் சோதனைச் செய்தி அனுப்புங்கள்), பதில் வராது, இரண்டும் வேறு வேறு பிரிவு. 70-ஐ 20 ஆக்குங்கள், வந்துவிடும். அந்தப் பதில் வந்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வணிகவியல் படித்தது குறையே இல்லை. பேரேட்டில் வரி தவறாமல் எழுதிய கைக்கு இது வரும்.