கடற்காற்று படும் வீட்டில் குடும்பப் படச் சுவர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில், தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீட்டில் வசிக்கிறோம். பரணில் இருந்த பெட்டியில், ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு முன்னால் தாத்தா நிற்கும் படம் முதல் என் மகளின் காதுகுத்துப் படம் வரை பதினான்கு படங்கள் கிடைத்தன. கூடத்தில் பத்தடி அகலமுள்ள ஒரே சுவரில் இவற்றைச் சட்டமிட்டு மாட்ட விரும்புகிறேன். ஆணி அடித்தாலே காரை பெயர்ந்து விழுகிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகி, ராயபுரம்

பதில்: சுவருக்கு முன்னால் படங்களைப் பற்றிப் பேசிவிடுவோம். நெகட்டிவ் தொலைந்துபோன பழைய புகைப்படத்துக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. அதைக் கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள சுவரில் மாட்ட வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கருப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் படலம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், பூஞ்சைக்கு உணவாகும், கண்ணாடியில் பட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு டப்பாவே நீர் விடும் நம் பகுதியில் இது வெகு சீக்கிரம் நடக்கும். ஆகவே படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத தாளில் பிரதி எடுத்து, அந்தப் பிரதிகளையே சட்டமிடுங்கள். அசல்களைத் தனித்தனிக் காகித உறைகளில் இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். பரணும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். உறையில் இடுமுன் வீட்டில் மூத்தவர்களிடம் காட்டி, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று கேட்டு, பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால், படம் இருக்கும், பெயர் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

அடுத்தது சுவர். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் அங்கே எதையும் மாட்டக் கூடாது. சுண்ணாம்புக் காரையில் ஆணி நிற்காததற்குக் காரணம், சுத்தியலின் அதிர்ச்சி காரையைச் செங்கல்லிலிருந்து பிரித்துவிடுவதுதான். டிரில்லிங் மெஷினைச் சுத்தியல் அடி இல்லாத நிலையில் வைத்து, காரையைத் தாண்டிச் செங்கல் வரை துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கை அதில் இறக்கி ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு துருவேறிச் சுவரில் பழுப்பு வழியும் என்பதால், ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சுவிட்சு பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

உங்கள் வீட்டுக்குப் பதினான்கு துளைகளைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தேக்கு ரீப்பர் ஒன்றைச் சுவரின் மேற்பகுதியில் குறுக்காக வைத்து, நான்கைந்து இடங்களில் மட்டும் உறுதியாக முடுக்கி, அதிலிருந்து மெல்லிய கம்பிகளில் எல்லாப் படங்களையும் தொங்கவிடலாம். காரையும் தப்பும், நாளை இடம் மாற்ற நினைத்தாலும் புதுத் துளை வேண்டியதில்லை. ஆனால் எடையைக் கணக்கில் கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எடை வரும். அக்ரிலிக் தகடு அதில் பாதிதான். பெரிய படங்களுக்கு அக்ரிலிக் போடச் சொல்லுங்கள்.

எந்தப் படத்தைச் சுற்றி மற்றவை அமைய வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் வாலாஜாவுக்குப் புறப்பட்ட நிலையம் உங்கள் ராயபுரம். அதன் தூண்களுக்கு முன்னால் உங்கள் தாத்தா நிற்கிறார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நட்டநடுவில் அல்லாமல் சற்று இடப்புறமாக வைத்து, அதைச் சுற்றிச் சிறிய படங்களை அடுக்குங்கள். ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, சுவரில் லேசாக ஒட்டி, இரண்டு மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். சட்டங்களுக்கிடையே இரண்டு அங்குல இடைவெளி போதும். தொகுப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும். கூடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தே பேசும் குடும்பமென்றால் இன்னும் அரையடி இறக்குங்கள். நம் பழைய வீடுகளில் வாசற்படிக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து வரிசையாக மாட்டுவார்கள். அண்ணாந்து பார்க்க அந்தச் சாய்வு உதவியது. ஆனால் சிறிய முகங்களை அந்த உயரத்தில் எந்தக் குழந்தையாலும் அடையாளம் காண முடியாது.

மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால், பின்னால் காற்று ஓடும், படமும் கோணாமல் நிற்கும்.

கேள்வி: திருமணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துப் புதுச் சட்டம் போடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பிரிக்காதீர்கள். ஹேர் டிரையரால் சூடாக்குவது, பிளேடு விடுவது, தண்ணீரில் ஊறவைப்பது ஆகியவற்றில் எதைச் செய்தாலும் முகம் இருக்கும் படலம் கண்ணாடியோடு போய்விடக்கூடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, அதோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பிரதி சுவருக்குப் போகட்டும். புதிதாகச் சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படம் தெரியும்படி நடுவில் வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அழகுக்காக மட்டும் அன்று. அந்த அட்டையின் கனம் தரும் இடைவெளிதான் படம் மறுபடி ஒட்டாமல் காப்பது. படத்தை அட்டையில் பசை தடவியோ செல்லோடேப்பாலோ ஒட்டவும் விடாதீர்கள். காகித மூலைகளில் செருகினால் போதும்.

கேள்வி: மறைந்த தாத்தா பாட்டியின் படங்களை மற்ற குடும்பப் படங்களோடு சேர்த்து மாட்டக் கூடாது என்கிறார் என் மாமியார். எனக்கோ அவர்களைத் தனியே ஒதுக்க மனமில்லை.
– வாசகி, பெரம்பூர்

பதில்: மாலையும் பொட்டும் இட்ட படம் வழிபாட்டுக்குரியது, அதற்கென ஓரிடத்தை உங்கள் மாமியார் சொல்கிறபடியே ஒதுக்குங்கள், அதில் அவர் மனம் நோக வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வாழ்ந்த நாட்களின் படங்கள் வேறு. பாட்டி மாவாட்டிக்கொண்டிருப்பது, தாத்தா பேரனைத் தோளில் தூக்கியிருப்பது போன்ற படம் ஏதேனும் இருந்தால், அதைப் பொட்டும் மாலையும் இல்லாமல் குடும்பச் சுவரில் வையுங்கள். அப்படியொரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்கள் மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள்.