பதினைந்து ஊர் வேண்டாம், ஒரு பள்ளத்தாக்கு போதும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஆறு மாதம் மெக்சிகோவில் தங்கப் போகிறோம். கைவினைத் தொழில்கள், பழைய கட்டடங்கள், மக்களின் அன்றாட வாழ்க்கை மூன்றையும் நிதானமாகப் பார்க்க ஆசை. பதினைந்து ஊர்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டோம். கைவினைஞர்களிடம் பாதி விலைக்குக் கேட்டால் இறங்கி வருவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஆறு மாதத்தில் பதினைந்து ஊர் என்றால் ஊருக்குப் பன்னிரண்டு நாள். பெட்டி கட்டவும் பஸ் பிடிக்கவும் அறை தேடவும் போனது போக மிஞ்சும் நாட்களில் கடைத்தெருவைத்தான் பார்க்க முடியும். கைத்தொழிலைப் பார்க்க முடியாது. சுற்றுலாப் பயணிக்கு 180 நாள்தான் உச்சவரம்பு. அதையும் முழுதாகத் தருவது குடிவரவு அதிகாரியின் கையில் இருக்கிறது. இருக்கிற நாட்களை ஓரிடத்தில் செலவிடுங்கள். என்னைக் கேட்டால் தெற்கே உள்ள வஹாக்கா நகரத்தையும் அதைச் சுற்றிய பள்ளத்தாக்கையும் சொல்வேன்.

அங்கே தியோதித்லான் தெல் வாயே என்று சபொதெக் பழங்குடி மக்களின் நெசவு ஊர் ஒன்று இருக்கிறது. கம்பளி விரிப்புகளுக்குப் பேர் போன ஊர். சிவப்புச் சாயம் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வருகிறது. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பொடி அப்பியது போல ஒட்டியிருக்கும். நசுக்கினால் விரல் இரத்தச் சிவப்பாகிவிடும். காயவைத்துக் கல்லில் அரைக்கிறார்கள். ஒரு கிலோ சாயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் தேவை. எலுமிச்சைச் சாறு விட்டால் அதே சாயம் செம்மஞ்சளாகிறது, காரம் சேர்த்தால் ஊதாவுக்குப் போகிறது. ஸ்பானியர் ஆட்சியில் வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய பெரும் செல்வம் இதுதான். இந்தச் செல்வத்தின் மேல் கண் வைத்துத்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். இங்கே வந்து சேர்ந்தது தரம் குறைந்த பூச்சி, முயற்சி தோற்றுப்போனது.

இப்போது சொல்லுங்கள். ஆட்டு மயிரைச் சிக்கெடுத்து, நூற்று, சாயமேற்றி, வாரக்கணக்கில் தறியில் நின்று முடித்த விரிப்புக்குப் பாதி விலை கேட்க எப்படி மனம் வரும்? ரசாயனச் சாயத்தில் நெய்த விரிப்பும் அதே ஊரில் கிடைக்கும். அதுவும் கைத்தறிதான், விலையும் குறைவு. கையில் பணம் குறைவாக இருந்தால் அதை வாங்குங்கள், தப்பே இல்லை. பூச்சிச் சாய விரிப்பை ரசாயனச் சாய விலைக்குக் கேட்பதுதான் அநியாயம். நெய்தவர் வீட்டிலேயே, அவர் கையில் பணத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

சான் பார்த்தோலோ கொயோதெபெக் என்ற ஊரின் கருமண் பாண்டங்களையும் பாருங்கள். முன்பு அவை மங்கிய சாம்பல் நிறத்தில், நன்றாகச் சுட்டு, மெஸ்கால் என்ற கற்றாழை மதுவைக் கொண்டு போகும் குடங்களாக இருந்தன. 1950களில் டோன்யா ரோசா என்ற பெண்மணி, சுடுவதற்கு முன் பாண்டத்தைப் படிகக் கல்லால் தேய்த்து, குறைந்த சூட்டில் எடுத்தால் கண்ணாடி போலக் கறுப்பு மின்னுவதைக் கண்டார். உலகமே தேடி வந்தது. ஆனால் அந்தப் பளபளப்பான பாண்டத்தில் தண்ணீர் நிற்காது, கசிந்துவிடும். வாங்கும் முன் எது அலங்காரத்துக்கு, எது புழக்கத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டடங்களுக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டாம், தினமும் நடக்கும் தெருதான் கட்டடம். பச்சைச் சாயல் கொண்ட உள்ளூர்க் கல், நிலநடுக்கத்துக்கு அஞ்சித் தடித்த சுவர், தாழ்ந்த உயரம், நடுவில் முற்றம். 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் வஹாக்கா.

அன்றாட வாழ்க்கையைப் பார்க்க விடியற்காலையில் மாவு மில்லுக்குப் போங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறிய மக்காச்சோளத்தை வாளியில் கொண்டுவந்து பெண்கள் அரைத்துப் போவார்கள். வாரச் சந்தைக்கும் முறை உண்டு: புதன் எத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகொத்லான், ஞாயிறு த்லாகொலூலா. நீங்கள் தேடிப்போன நெசவாளர் ஒருநாள் தறியில் இல்லாமலும் போகலாம். சபொதெக் ஊர்களில் சாலை போடுவதற்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர்க்காவலுக்கும் முறை வைத்து ஊராரை அழைப்பார்கள். சம்பளம் கிடையாது, தட்டவும் முடியாது. காத்திருங்கள். பன்னிரண்டு நாள் பயணிக்குக் காத்திருக்க நேரம் இருக்காது, உங்களுக்கு இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் வருகையால் வாடகை ஏறி, பிறந்த தெருவை விட்டே மக்கள் வெளியேறுகிறார்கள். 2024 ஜனவரியில் வஹாக்காவிலும் 2025 ஜூலையில் மெக்சிகோ நகரிலும் இதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. எனவே சுற்றுலாவுக்கென்றே மாற்றப்பட்ட முழு வீட்டைப் பிடிக்காதீர்கள். குடும்பம் வசிக்கும் வீட்டில் ஓர் அறை கேளுங்கள். அதற்கு ஸ்பானிய மொழி வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே கற்கத் தொடங்குங்கள்.